உறையில் எழுதிய பெயர்கள்: எம்.ஐ.ஏ.யின் இசைத்தட்டு முகப்புகள்

ஊவாவின் தேயிலை உலகத்துக்குப் போனபோது கூடவே ஒரு படமும் போனது. 1890இல் ஸ்கொட்லாந்து மளிகை வியாபாரி தோமஸ் லிப்டன், ஹப்புத்தளைப் பக்கத்தில் தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். தேயிலை நடுவதில் அவர் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. அவருடைய கெட்டித்தனம் பொதி கட்டுவதில் இருந்தது. பெரிய மரப்பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்துவந்த தேயிலையை, எடை குறித்து அச்சடித்த பொட்டலங்களில் விற்றார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு வருகிறது என்று விளம்பரம் செய்தார். அந்த விளம்பரங்களிலும், அவருக்குப் பின்வந்த கம்பனிகளின் விளம்பரங்களிலும், கூடையோடு நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண் திரும்பத் திரும்ப வந்தாள். மூக்குத்தி, வளையல், சிரித்த முகம், பின்னால் பச்சை மலை. ஐரோப்பியச் சமையலறை அலுமாரிகளில் இலங்கைத் தமிழ்ப் பெண்ணின் முகம் இடம்பிடித்தது இப்படித்தான். அந்த முகத்துக்குப் பெயர் கிடையாது.

2005இல் இலண்டனின் எக்ஸ்எல் ரெக்கோர்டிங்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஓர் அல்பத்தின் உறையில் இன்னொரு இலங்கைத் தமிழ்ப் பெண் வந்தார். ஸ்டென்சிலில் பதித்த உருவங்கள், கண்ணை உறுத்தும் நிறங்கள், நடுவே அவர். அல்பத்தின் பெயர் 'அருளர்'. அது அவருடைய தகப்பனாரின் இயக்கப் பெயர். உறையில் இருந்த மகளை உலகம் எம்.ஐ.ஏ. என்று அறிகிறது, வீட்டில் வைத்த பெயர் மாதங்கி, அழைத்த பெயர் மாயா, முழுப்பெயர் மாதங்கி அருட்பிரகாசம். பாடியவரும் அவரே, நண்பர் ஸ்டீவ் லவ்ரிட்ஜுடன் சேர்ந்து உறையின் ஓவிய வேலையைச் செய்தவரும் அவரே.

அவருடைய இசையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அரசியலைப் பற்றி அதைவிட அதிகம். உறைகளை மட்டும் விமர்சகர்கள் பெரும்பாலும் ஓரிரு வரியில் தாண்டிப் போனார்கள், அதுவும் அவலட்சணம் என்று சொல்லிவிட்டு. அந்த உறைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பொதியின் மேல் அச்சாகும் தமிழ் முகம் யாருடைய கையில் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, ஓர் அகதிக் குடும்பத்துப் பெண் பத்து வருடத்துக்கு மேலாகச் சொல்லிவந்த பதில் அது. மலையகத்து வாசகருக்கு அந்தக் கேள்வி புதியதல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாடகி ஒருவர் பிரபலமான பிறகு ஓவியத்திலும் கைவைத்த கதை இல்லை இது. எம்.ஐ.ஏ. ஓவியராகத்தான் ஆரம்பித்தார். 1975 ஜூலையில் இலண்டனின் ஹவுன்ஸ்லோவில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, போருக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே வளர்ந்து, 1986இல் தாயுடனும் உடன்பிறந்தவர்களுடனும் அகதியாக மீண்டும் இலண்டன் போனவர். மிச்சம் பகுதியின் ஃபிப்ஸ் பிரிட்ஜ் குடியிருப்பில் வளர்ந்து, சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் நுண்கலை, திரைப்படம், வீடியோ படித்தார். லவ்ரிட்ஜுடனான நட்பு அந்தக் கல்லூரி நாட்களில் உண்டானது. இசை உலகத்துக்குள் அவர் நுழைந்த வாசலே ஓர் உறைதான்: 2000இல் வந்த 'தி மெனஸ்' என்ற அல்பத்துக்கு உறை செய்யும்படி எலாஸ்டிகா குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன் அவரைக் கேட்டார். குழுவின் அமெரிக்கப் பயணத்தை வீடியோ எடுக்கவும் அவரே போனார். அந்தப் பயணத்தில் உடன் பாடவந்த பீச்சஸ் என்ற பாடகிதான் ரோலண்ட் எம்சி-505 என்ற தாளக் கருவியை அவருக்குக் காட்டிக்கொடுத்தார். உறை வரையப் போன இடத்தில் பாட்டு கிடைத்தது.

2001இல் இலண்டன் போர்ட்டபெல்லோ வீதிக் கடையொன்றில் அவருடைய முதல் ஓவியக் காட்சி நடந்தது. கன்வஸிலும், வெட்டி எறிந்த சிப்போர்ட் பலகைத் துண்டுகளிலும், ஸ்டென்சில் வைத்து நிறம் பீய்ச்சிய படங்கள். புலிகள், ஓலை மரங்கள், துப்பாக்கிகள், போராளிகள். ஆனால் இராணுவப் பச்சைக்குப் பதிலாகச் செம்மஞ்சள், இளஞ்சிவப்பு, கிளிப்பச்சை. மிட்டாய்க் கடை நிறத்தில் ஒரு போர். 2002இல் அந்தப் படங்கள் 'எம்.ஐ.ஏ.' என்ற தலைப்பில் போக்கோ பதிப்பகத்தின் சிறு நூலாகவும் வந்தன. பாடகியாக அவருக்குப் பெயர் வருவதற்கு முன்பே அந்தப் பெயரில் ஒரு புத்தகம் இருந்தது. போரின்போது காணாமற்போனவர்களைக் குறிக்கும் அந்த மூன்று எழுத்துகளை, இலங்கையில் காணாமற்போன தன் மச்சானை நினைத்துத் தெரிந்தெடுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். மச்சானும் அவரும் ஒரே வயதினர்.

ஸ்டென்சில் என்ற முறையைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. மட்டையில் உருவத்தை வெட்டி எடுத்துவிட்டு, அதைச் சுவரிலோ பலகையிலோ வைத்து மேலே நிறம் தெளிக்கிறார்கள். ஒருமுறை வெட்டினால் நூறு தரம் பதிக்கலாம். தூரிகைப் பயிற்சி வேண்டாம், அச்சகம் வேண்டாம், பெரிய காசும் வேண்டாம். ஓட வேண்டி வந்தால் மட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடலாம். அதனால்தான் உலகெங்கும் போராட்டச் சுவர்களில் அது நிலைத்தது. தேயிலைப் பெட்டிகளின் பலகையிலும் தோட்டத்தின் பெயரையும் இலக்கத்தையும் இதே முறையில்தான் பதித்தார்கள். ஊவாவிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கிய ஒவ்வொரு பெட்டியிலும் அந்தக் கறுப்பு எழுத்து இருந்தது. சரக்கின் மொழியும் கலகத்தின் மொழியும் ஒரே மட்டையால் எழுதப்பட்டவை. எம்.ஐ.ஏ. ஸ்டென்சிலைக் கைக்கொண்ட காலத்தில் இலண்டன் சுவர்களில் பாங்ஸியும் அதைச் செய்துகொண்டிருந்தார். ஆனால் பாங்ஸி தன் முகத்தை மறைத்தார். இவர் தன் முகத்தையே மட்டையாக வெட்டிக்கொண்டார்.

2003இல் 'கலாங்' என்ற பாடல் ஷோபிஸ் என்ற சிறு நிறுவனத்தால் 500 இசைத்தட்டுகளாக மட்டும் வந்தது. பின்னர் எக்ஸ்எல் அதை மறுபடியும் வெளியிட்டபோது எடுத்த வீடியோவில் மாயா ஆடுகிறார். அவருக்குப் பின்னால் ஆடுவது அவருடைய ஸ்டென்சில் படங்கள். டாங்கிகள், குண்டுகள், தீப்பற்றிய ஓலை மரங்கள், ஒரு புலி. உறையும் வீடியோவும் மேடையும் ஒரே கையெழுத்தாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அங்கேயே தொடங்கிவிட்டது.

இசைத்தட்டு உறையில் படம் என்பதே ஒப்பளவில் புதிய பழக்கம். 78 சுழற்சித் தட்டுகளின் காலத்தில் பாட்டு எதுவானாலும் உறை ஒன்றுதான்: நடுவில் வட்டத் துளையிட்ட பழுப்புக் கடதாசி, அதில் கம்பனியின் பெயர், நாய்ச் சின்னம். தமிழ்ச் சினிமாப் பாட்டுக்குப் படம் தேவைப்பட்டால் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தைத்தான் வாங்க வேண்டும். அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் 1938இல் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர், உறையை ஒரு சுவரொட்டியாக மாற்றிக் காட்டிய பிறகே நிலைமை மாறியது. உறை அரசியல் பேசத் தொடங்கியதற்கு 1970கள் முக்கியமானவை. இலண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸுக்காக ஜேமி ரீட் 1977இல் ராணியின் கண்ணையும் வாயையும் கிழித்தெடுத்த கடதாசித் துண்டுகளால் மறைத்தார். லாகோஸில் லெமி கரியோக்வு, ஃபெலா குட்டிக்காக 26 உறைகள் வரைந்தார். நைஜீரிய இராணுவ ஆட்சியின் மீதான கேலிச்சித்திரங்களாகவே அவற்றைப் படிக்கலாம். எம்.ஐ.ஏ.யின் உறைகள் இந்த இரண்டு வழிகளுக்கும் உறவு. மேற்கத்திய விமர்சகர்கள் முதலாவதை உடனே கண்டுகொண்டார்கள். இரண்டாவதுதான் இன்னும் நெருங்கிய சொந்தம்.

'அருளர்' உறைக்குத் திரும்பலாம். அதன் உயிர் படத்தில் பாதி, தலைப்பில் பாதி. அருளர் என்ற அருட்பிரகாசம், 1975இல் இலண்டனில் உருவான ஈழப் புரட்சி அமைப்பின், அதாவது ஈரோஸின், ஆரம்பகர்த்தாக்களில் ஒருவர். 1977 கலவரத்தில் அகதியானவர்களைக் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு ஏற்றிச் சென்ற கப்பலை வைத்து 'லங்கா ராணி' என்ற நாவலை எழுதியவர். யாழ்ப்பாணத்தில் ஒளிந்து வீட்டுக்கு வந்துபோகும்போது பிள்ளைகளுக்குப் பாதுகாப்புக்காக அவரை மாமா என்றே அறிமுகப்படுத்தியிருந்தார்கள். தகப்பனை மாமா என்று நம்பி வளர்ந்த மகள், முதல் அல்பத்தின் முகப்பில் அவருடைய பெயரை அச்சடித்தார். தன் பெயரை இணையத்தில் தேடும்போது அவர் கண்ணில் படட்டும் என்பதும் ஒரு நோக்கம் என்று பிறகு சொன்னார். தகப்பனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது, தலைப்பை மாற்றும்படி கேட்டு. மகள் மாற்றவில்லை.

ஈரோஸ் என்ற பெயர் பதுளை, மொனராகலைப் பக்கத்து மூத்தவர்களுக்கு அந்நியமல்ல. மற்ற இயக்கங்கள் வடக்கு, கிழக்கு என்ற எல்லைக்குள் நின்று சிந்தித்தபோது, தோட்டத் தொழிலாளரைப் போராட்டத்தின் மையத்தில் வைத்துப் பேசியது அந்த அமைப்பு. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்கள், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்த மக்கள், அதன் அரசியலில் ஓர் ஓரக்குறிப்பாக இருக்கவில்லை. 1985இன் திம்புப் பேச்சுவார்த்தையில் தமிழர் தரப்பு வைத்த நான்கு கோட்பாடுகளில் நான்காவது, இத்தீவைத் தாயகமாகக் கருதும் எல்லாத் தமிழருக்கும் பிரஜாவுரிமை என்பதாகும். அந்த மேசையில் ஈரோஸும் இருந்தது.

இந்த வரலாற்றை மனதில் வைத்துக்கொண்டு உறையைப் பார்த்தால் இரண்டு குறைகள் தெரிகின்றன. அவற்றைச் சொல்லாமல் விடுவது அந்தக் கலைக்கும் மரியாதையாகாது.

முதலாவது, புலி. ஈரோஸ் விடுதலைப் புலிகள் இயக்கம் அல்ல. அதன் ஒரு பெரும் பகுதி பாலகுமாரன் தலைமையில் 1990இல் புலிகளுடன் இணைந்தது உண்மை. ஆனால் அருளர் புலிகளில் இருந்ததில்லை என்பதை மகளும் பலதடவை சொல்லியிருக்கிறார். அப்படியிருந்தும் மேற்கத்தியப் பத்திரிகைகள் அவரைத் 'தமிழ்ப் புலியின் மகள்' என்றே எழுதின. 2008இல் டிலோன் என்ற இலங்கை வம்சாவளி அமெரிக்க ராப் பாடகர், எம்.ஐ.ஏ. பயங்கரவாதத்தைப் பரப்புகிறார் என்று குற்றம்சாட்டினார். பத்திரிகைகளின் சோம்பலை மட்டும் இதற்குக் காரணம் சொல்ல முடியாது. படங்களும் அந்த வாசிப்புக்கு வழிவிட்டன. ஸ்டென்சில் ஒரு விளிம்பை மட்டும்தான் விட்டுவைக்கும். உள்ளே இருக்கும் வேறுபாடுகளை வெட்டி எறிந்துவிடும். எந்த இயக்கம், எந்த வருடம், யார் யாரைக் கொன்றார்கள் என்பதெல்லாம் அந்த மட்டைக்குள் நிற்காது. இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்த காலத்தில் பிள்ளைகளை இழந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, இளஞ்சிவப்பு நிறப் புலி ஓர் அலங்காரமாக இருக்க முடியாது.

இரண்டாவது, தேயிலை. தகப்பனின் அரசியலில் அவ்வளவு இடம்பிடித்த மலையகம் மகளின் அல்ப முகப்புகள் எதிலும் இல்லை. மரம் என்று வந்தால் கரையோரத்து ஓலை மரம். கொழுந்துச் செடி இல்லை. அவர் வளர்ந்த நிலம் யாழ்ப்பாணம் என்பதால் அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. இலங்கைத் தமிழர் என்ற படம் உலகத்துக்குப் போகும்போது மலையகம் எவ்வளவு சுலபமாகச் சட்டத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

2007இல் வந்த இரண்டாவது அல்பத்தின் பெயர் 'கலா'. அது தாயின் பெயர். தகப்பனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று என்று திட்டமிட்டே வைத்ததாக மகள் சொன்னார். கலா இலண்டனில் தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். 2019இல் பிரித்தானிய அரசின் எம்பிஇ விருது மாயாவுக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் வெளியிட்ட குறிப்பில், தன் தாய் 1986 முதல் அரசிக்காகக் கையால் தைத்தவை இதே பதக்கங்கள்தான் என்று எழுதினார். பதக்கத்தில் தைத்தவர் பெயர் இருக்காது. அல்பத்தில் இருக்கிறது.

'கலா' உறையின் நடுவே மாயா நிற்கிறார். சுற்றிலும் பளபளக்கும் நியோன் நிறங்களில், ஒன்றுக்குள் ஒன்றாக விரியும் கோலங்கள். போராடு என்ற கட்டளை எழுத்தாகத் திரும்பத் திரும்ப ஓடுகிறது. கண் ஓய்வெடுக்க ஓரிடமும் இல்லை. நியூயோர்க்கின் வில்லேஜ் வொய்ஸ் இதழ், என்றைக்காவது இவருடைய உறை பார்க்கச் சகிக்கும்படி இருக்கும் என்று நம்புவோம் என்ற பொருளில் எழுதியது. உறையின் பின்னால் இருந்த தூண்டுதல்கள் ஆபிரிக்கக் கலையும், சர்வாதிகாரிகளின் உடையலங்காரமும், கார்களின் பின்கண்ணாடியில் ஒட்டும் பழைய ஸ்டிக்கர்களும் என்று மாயா விளக்கினார்.

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் உறை திறந்துகொள்கிறது. பதுளையிலிருந்து பசறை வழியாக மொனராகலைக்கு இறங்கும் தனியார் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இந்த அழகியல் தெரியும். சாரதிக்கு மேலே மினுங்கும் சாமி படம், அதைச் சுற்றி ஓடும் வண்ண விளக்கு, கண்ணாடி முழுவதும் மின்னும் தாளில் வெட்டி ஒட்டிய எழுத்து, திரைச்சீலைக்கு ஒரு நிறம், ஆசனத்துக்கு இன்னொரு நிறம். முச்சக்கரவண்டியின் முதுகில் காதலும் கடவுளும் தாயும் ஒரே அளவு எழுத்தில். வெற்றிடம் விட்டால் ஏதோ குறைந்துபோனதாக நினைக்கும் கை அது. வடிவமைப்புக் கல்லூரிகள் வெற்றிடத்தைப் போற்றக் கற்றுக்கொடுக்கின்றன. அந்தப் போற்றுதல் ஒரு வர்க்கத்தின் ருசி, உலகத்தின் விதியல்ல. 'கலா' உறை அவலட்சணம் என்றவர்கள், தங்கள் கண்ணுக்குப் பழகாத மக்களின் ருசியைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

அல்பத்தின் ஒலியும் அதே வழியில் சேர்ந்தது. 2006இல் அமெரிக்க விசா கிடைக்காமற்போனதால், அங்கே செய்ய நினைத்த வேலையைப் பல நாடுகளில் அலைந்து செய்தார். சென்னையில் ஏ. ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவுக்கூடத்தின் உதவியுடன் உறுமி மேளத்தைப் பதிவு செய்தார். 'பேர்ட் ஃப்ளூ' பாடலில் அதுதான் அதிர்கிறது. முதற்பாடலில் இளையராஜாவின் 'தளபதி' படப் பாடலொன்றின் துண்டு வருகிறது. தோட்டத்துத் தப்புச் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு இதில் அந்நியம் எதுவும் இல்லை. வெள்ளைத் தாளில் ஒற்றை எழுத்து அச்சிட்டு இந்த ஒலியை உறையிட்டிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

மூன்றாவது அல்பம் 2010 ஜூலையில் வந்தது. பெயர் 'மாயா'. தகப்பனும் தாயும் போய் இப்போது அவரே. ஆனால் முகப்பில் முகத்தைக் காண முடியவில்லை. யூடியூப் வீடியோவின் அடியில் ஓடும் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு முகத்தை மூடிவிட்டன. எழுத்துகள்கூட விசைப்பலகையின் சாய்வுக்கோடுகளால் ஆனவை.

இந்த உறைக்கு முந்தைய வருடத்தை நினைக்க வேண்டும். 2009 மே மாதம் போர் முடிந்தது. புலம்பெயர்ந்த தமிழர் அதன் கடைசி மாதங்களைக் கண்டது கணினித் திரையின் சிறு சதுரங்களில். ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4, கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்படும் காட்சியை ஒளிபரப்பியது. அது உண்மையா என்ற வாதம் மாதக்கணக்கில் ஓடியது. 2010 ஏப்ரலில் மாயாவின் 'போர்ன் ஃப்ரீ' வீடியோ வந்தது. ரொமேன் கவ்ராஸ் இயக்கிய அதில், சிவப்பு முடிக்காரர்களை இராணுவம் வளைத்துப் பிடித்துக் கொண்டுபோய்க் கொல்கிறது. நடிப்பென்று எல்லோருக்கும் தெரிந்த அந்த வீடியோவை யூடியூப் மட்டுப்படுத்தியது; உலகப் பத்திரிகைகள் அதைப் பற்றிக் கொதித்தன. நிஜமான காட்சிகளுக்குக் கிடைக்காத கவனம் அது. இதெல்லாம் நடந்து சில வாரங்களில் வந்த உறையில், ஒரு தமிழ்ப் பெண்ணின் முகத்தை வீடியோப் பட்டைகள் மூடியிருப்பதை வெறும் இணைய விளையாட்டாகப் படிக்க முடியாது. அவருடைய உறைகளில் இதுதான் ஆழமானது. முதல் உறையில் உருவங்களைக் காட்டி வாதாடியவர், இங்கே காட்டுவதற்குப் பயன்படும் கருவியே எப்படி மறைக்கிறது என்பதைக் காட்டினார்.

இந்த உறை செய்யப்பட்ட விதம் அதைவிட அழகானது. படம் பிடிக்க நாகரிக இதழ்களின் புகைப்படக்காரரைத் தேடவில்லை. தாயின் தமிழ்த் தொலைபேசிக் கையேட்டைப் புரட்டி, கலியாணப் படம் எடுக்கும் ஒருவரைப் பிடித்ததாக மாயா சொன்னார். இலங்கைத் தமிழர் கலியாண அல்பம் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். மணமகள் தாமரைக்குள் இருப்பாள், மணமகன் நீர்வீழ்ச்சிக்கு மேலே மிதப்பான், ஒரே முகம் ஐந்து அளவில் ஐந்து மூலையில் வரும். அகதிகளாகப் போனவர்கள் ரொறொன்ரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் கைவிடாமல் கொண்டுபோன காட்சிக் கலை அது. உயர்கலை என்று யாரும் ஏற்றுக்கொள்ளாத அந்தத் தொழிலை, உலகச் சந்தைக்குப் போகும் ஓர் உறைக்குள் அவர் கொண்டுவந்தார்.

சிறப்புப் பதிப்பின் உறை, சாய்த்துப் பிடித்தால் படம் மாறும் வகையைச் சேர்ந்த வரிப் பிளாஸ்டிக்கில் வந்தது. மேற்கத்திய வாங்குபவருக்கு அது ஒரு புதினம். கதிர்காமத்து ஆடித் திருவிழாவுக்குப் போய்வந்தவர்களுக்கு அது சாமி படக் கடைச் சரக்கு, ஒரு பக்கம் சாய்த்தால் முருகன், மறுபக்கம் சாய்த்தால் பிள்ளையார்.

உறையின் அளவும் இந்தக் கதையில் முக்கியம். பழைய நீளிசைத்தட்டின் உறை 12 அங்குலச் சதுரம், சுவரில் மாட்டலாம். குறுவட்டு 12 சென்ரிமீற்றருக்கு அதைச் சுருக்கியது. எம்.ஐ.ஏ.யின் காலத்தில் அது தொலைபேசித் திரையில் நகத்தளவு ஆகிவிட்டது. பெரும்பாலான கலைஞர்கள் பெரிய படத்தைச் சுருக்கினார்கள். அவர் சிறிய, மங்கிய, துடிக்கும் படத்தையே மூலப்பொருளாக எடுத்துக்கொண்டார். இலங்கையில் ஒலிநாடாக் காலத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். ரெக்கோர்டிங் பாரில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்து வெறும் கசற்றில் பதியச் சொன்னவர்கள், அதன் மட்டையில் பாட்டின் முதல் வரிகளைக் கோடு போட்டு எழுதினார்கள். சிலர் பத்திரிகையில் வந்த நடிகையின் முகத்தை வெட்டி ஒட்டினார்கள். கேட்பவரே உறை செய்த காலம் அது.

இன்று பதுளையிலோ பண்டாரவளையிலோ ஓர் இளைஞர் சொந்தமாகப் பாட்டொன்றைப் பதிந்து இணையத்தில் ஏற்றும்போது முகப்புக்கு ஒரு படம் தேவைப்படுகிறது. கைக்கு எளிதில் வருவது மேலிருந்து எடுத்த தேயிலை மலை, அதில் கூடையோடு ஒரு பெண். சுற்றுலா விளம்பரத்துக்கும் மலையகப் பாட்டுக்கும் ஒரே படம். 2003இல்தான் முழுமையான பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பெற்ற சமூகம், 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து தன் இருநூறு வருட வரலாற்றைச் சொன்ன சமூகம், தன் பாட்டின் முகப்பில் லிப்டனின் படத்தையே மறுபடி அச்சடிக்க வேண்டியதில்லை. அந்தப் படத்தில் நிற்பவரின் பெயரைக் கேட்டுப் போடுவதே ஒரு தொடக்கம். தோட்ட அலுவலகத்துச் செக்ரோலில் அந்தப் பெயர் நாள்தோறும் எழுதப்படுகிறது.

2012இல் ரிஸோலி பதிப்பகம் எம்.ஐ.ஏ.யின் பத்து வருட ஓவியங்களையும் உறைகளையும் ஒரு பெரிய நூலாகக் கொண்டுவந்தது; முன்னுரை லவ்ரிட்ஜ். அடுத்த வருடம் நான்காவது அல்பமான 'மாதங்கி' வந்தது. வீட்டில் வைத்த பெயரை அவர் இணையத்தில் தேடிப் பார்த்தபோது அந்தப் பெயருடைய தேவியைக் கண்டடைந்தாராம். பத்து மகாவித்யைகளில் ஒருத்தி. கலைக்கும் வாக்குக்கும் உரியவள். எச்சில் உணவைப் படையலாக ஏற்பவளாகவும், ஒதுக்கப்பட்டவர்களின் தெய்வமாகவும் தந்திர நூல்கள் சொல்பவள். அருளர், கலா, மாயா, மாதங்கி: நான்கு உறைகள் சேர்ந்து ஒரு குடும்பப் பதிவேடு. லவ்ரிட்ஜ் 2018இல் சண்டான்ஸ் விழாவில் திரையிட்ட ஆவணப்படத்தின் தலைப்பும் மாயாவின் பெயர்களை அடுக்கி வைத்ததுதான். மாயா இளவயது முதல் எடுத்துவைத்த வீடியோக்களை வைத்துச் செய்த படம் அது. அங்கே சிறப்பு நடுவர் பரிசு பெற்றது.

2015 நவம்பரில் அவர் தானே இயக்கி வெளியிட்ட 'போர்டர்ஸ்' வீடியோவில் பெயர்கள் போய்க் கூட்டம் வந்தது. முட்கம்பி வேலியில் ஏறும் ஆண்கள் தங்கள் உடல்களாலேயே உயிர் என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லை எழுதுகிறார்கள்; படகில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். மாயா ஒரு பாரிஸ் கால்பந்துக் கழகத்தின் சட்டையை அணிந்திருக்கிறார். நெஞ்சில் இருக்க வேண்டிய விமான நிறுவனத்தின் பெயர் கடற்கொள்ளையரைக் குறிக்கும் சொல்லாக மாற்றப்பட்டிருக்கிறது. பாரிஸ் சென்-ஜெர்மன் கழகம் தன் நற்பெயருக்குப் பங்கம் வந்ததாகக் கடிதம் அனுப்பி, வீடியோவை நீக்கவும் நட்டஈடு தரவும் கேட்டது. 2016 ஜனவரியில் மாயா அந்தக் கடிதத்தை அப்படியே பொதுவெளியில் போட்டார். வீடியோ நீக்கப்படவில்லை, அந்தச் சட்டையோடு இன்றும் அதைப் பார்க்கலாம்.